உப்புச் செடிக்கு உப்பு போடலாமா?

கேள்வி: வேதாரண்யம் பக்கம் உப்பளத்து வரப்போரமாக ஒரு செடி தரையோடு படர்ந்து கிடந்தது. சிவந்த தண்டு, சதைப்பற்றான இலை, நட்சத்திரம் மாதிரி குட்டி ஊதாப்பூ. ஒரு கிளையைக் கிள்ளி வந்து தொட்டியில் வைத்து, தினமும் ஒரு கைப்பிடி உப்பு கரைத்து ஊற்றுகிறேன். அழுகிக்கொண்டே வருகிறது. இதைச் சமைக்கலாம் என்கிறார்களே, உண்மையா? (வாசகி, மன்னார்குடி)

பதில்: தினமும் கைப்பிடி உப்பா! பாவம் அந்தச் செடி.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஓர்ப்பூடுதான், செசுவியம் என்று தாவரவியலில் சொல்வது. உப்பைத் தாங்கும், கொஞ்சம் உப்பு இருந்தால் செழிக்கவும் செய்யும், ஆனால் உப்பே இல்லாவிட்டாலும் வளரும். சதுப்பில் அலை ஏறினால் உப்பு வருகிறது, மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. உங்கள் தொட்டியிலோ தண்ணீர் மட்டும் ஆவியாகி, போட்ட உப்பெல்லாம் அப்படியே தங்கி, ஒரு வாரத்தில் கடலைவிடக் கரிக்க ஆரம்பித்திருக்கும். கடல்நீரிலேயே லிட்டருக்குச் சுமார் 35 கிராம்தான்.

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் போனால் வெண்கண்டல் இலையைத் தடவிப் பாருங்கள், உப்புப் பொடி விரலில் ஒட்டும், அது உப்பை வெளியே தள்ளிவிடுகிற மரம். ஓர்ப்பூட்டுக்கு அந்த வசதி கிடையாது. உறிஞ்சின உப்பை இலைக்குள்ளேயே பூட்டிவைத்து, கூடவே தண்ணீரையும் சேர்த்துக்கொள்கிறது, இலை தடித்திருப்பது அதனால்தான். பூவையும் ஒருதரம் திருப்பிப் பாருங்கள்: உள்ளே ஊதா, வெளியே பச்சை, ஒவ்வொன்றின் நுனிக்குக் கீழே சின்னதாக ஒரு கொம்பு. இதழ் என்று நாம் நினைப்பது இதழே இல்லை, மொட்டை மூடியிருக்கும் பச்சை உறையான புல்லிதான் நிறம் மாறி நிற்கிறது.

சரி, தொட்டிக்கு வருவோம். அழுகாத துண்டு இருந்தால் கணுவோடு வெட்டி, பாதிக்கு மேல் மணல் கலந்த புது மண்ணில் படுக்கவையுங்கள், கணுவிலேயே வேர் விடும். நல்ல வெயில், சாதாரணத் தண்ணீர், அடியில் ஓட்டை. அவ்வளவுதான். துண்டு எதுவும் தேறவில்லை என்றால் மறுபடி உப்பளத்துப் பக்கமே தேடுங்கள், கோடியக்கரைக்குள் போய்க் கிள்ளாதீர்கள், அது 1967 முதல் சரணாலயம்.

சமைக்கலாம். பிலிப்பைன்ஸில் ஊறுகாயே போடுகிறார்கள். நறுக்கி, வேகவைத்த தண்ணீரை இரண்டு முறையாவது கொட்டிவிட்டுப் பொரியல் செய்யுங்கள், உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போட்டால் போதும், பெரும்பாலும் தேவைப்படாது. சிறுநீரகக் கல் உள்ளவர்களும் ரத்தக்கொதிப்புக்காரர்களும் தொட வேண்டாம். இறால் பண்ணைக் கழிவு ஓடுகிற வாய்க்காலில் முளைத்தது என்றால் யாருமே வேண்டாம், மண்ணில் இருக்கிற கன உலோகத்தையும் இந்தச் செடி இழுத்து வைத்துக்கொள்ளும்.