இத்தாலிய உணவகத்தில் என்ன கேட்பது, எப்படிச் சாப்பிடுவது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான்கு பேர் சேர்ந்து இத்தாலிய உணவகத்துக்குப் போகிறோம். மெனுவில் அன்டிபாஸ்டி, பிரிமி, செகோந்தி, கொந்தோர்னி, டோல்சி என்று ஐந்து தலைப்பு. ஒவ்வொன்றிலும் ஆளுக்கு ஒன்று வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம், அத்தனையையும் சாப்பிட்டு முடிக்கவும் முடியாது. அன்டிபாஸ்டி தொடக்கத்துக்கு. பிரிமியில் பாஸ்தாவும் ரிசோட்டோ என்ற குழைவான அரிசி உணவும் இருக்கும், செகோந்தியில் மீனும் இறைச்சியும். கொந்தோர்னி என்பது தொட்டுக்கொள்ளும் காய்கறி, டோல்சி இனிப்பு. நால்வருக்கு இரண்டு அன்டிபாஸ்டி, மூன்று பிரிமி, ஒரே ஒரு செகோந்தி, அதோடு ஒரு கொந்தோர்னி போதும். பசி மிச்சமிருந்தால் அப்புறம் கூட்டிக்கொள்ளலாம். செகோந்தி பெரும்பாலும் தனியாகத்தான் வரும். தட்டில் வெறும் மீன் துண்டு மட்டும் வந்துவிட்டதே என்று விழிக்காமலிருக்க, கொந்தோர்னியையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

ஆர்டர் கொடுக்கும் முன் பாஸ்தா எந்த அளவில் வரும் என்று சர்வரிடம் கேளுங்கள். இத்தாலியில் அது முதல் சுற்று. ஆளுக்கு 80 முதல் 100 கிராம் உலர் பாஸ்தா கணக்கு. மற்ற நாடுகளில் பல இடங்களில் அதையே முழுச் சாப்பாடாகப் பெரிய தட்டில் வைக்கிறார்கள். பகிர்ந்து சாப்பிடப் போகிறோம், ஒன்று முடிந்தபின் அடுத்ததைக் கொண்டுவாருங்கள் என்றும் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் எல்லாம் ஒரே நேரத்தில் மேசைக்கு வந்துவிடும். நீங்கள் ஸ்டார்ட்டரை முடிப்பதற்குள் பாஸ்தா சாஸை உறிஞ்சி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மூன்று பாஸ்தா எடுத்தால் ஒன்று தக்காளி, ஒன்று எண்ணெயும் பூண்டும், ஒன்று வெண்ணெய் அல்லது சீஸ் என்று கலந்து எடுங்கள். மூன்றும் கனமான சாஸாக இருந்தால் பாதியிலேயே திகட்டிவிடும்.

கேள்வி: பாஸ்தா நடுவில் கடினமாக இருந்தது. ‘அப்படித்தான் இருக்கும்’ என்றார் சர்வர். திருப்பி அனுப்பலாமா?

பதில்: எந்த பாஸ்தா என்பதைப் பொறுத்தது. உலர் பாஸ்தாவானால் ஒரு துண்டைப் பாதியாகக் கடித்து, கடித்த இடத்தைப் பாருங்கள். நடுவில் குண்டூசி முனையளவு வெளிறிய புள்ளி இருந்தால் அது ‘அல் டென்டே’ பதம், சர்வர் சொன்னது சரி. கடிக்கும்போது லேசான பிடிப்பு இருக்கும், பச்சை மாவு ருசி இருக்காது. அந்தப் புள்ளி தடித்து, சுண்ணாம்பு வெள்ளையாக, பல்லில் அப்பிக்கொண்டால் வேகவில்லை. தாராளமாகத் திருப்பி அனுப்புங்கள்.

முட்டை சேர்த்துப் பிசைந்த ஃப்ரெஷ் பாஸ்தாவின் கதை வேறு. அது கொதிநீரில் 2 – 3 நிமிடத்தில் வெந்துவிடும், நடுப்புள்ளியே இருக்கக் கூடாது. மென்மையாகவும் துவளாமலும் இருக்க வேண்டும். ராவியோலி மாதிரி பூரணம் வைத்த வகைகளில் ஓரத்தைக் கவனியுங்கள். இரண்டு தாள் ஒட்டும் இடம் தடிமனானது, வேகாத ராவியோலி அங்கேதான் மாட்டிக்கொள்ளும்.

இன்னொரு அடையாளமும் உண்டு. நல்ல சமையலறையில் உலர் பாஸ்தாவை ஓரிரு நிமிடம் முன்னதாகவே எடுத்து, சாஸ் இருக்கும் வாணலியில் போட்டு, பாஸ்தா வெந்த நீரைக் கொஞ்சம் விட்டுப் புரட்டி முடிப்பார்கள். நீரிலுள்ள ஸ்டார்ச்சும் சாஸிலுள்ள கொழுப்பும் கலந்து பளபளவென்று பாஸ்தாவைப் பூசிக்கொள்ளும். தட்டின் அடியில் தண்ணீர் தனியாகத் தேங்கி, மேலே சாஸ் குவியலாக நின்றால் இந்த வேலை நடக்கவில்லை. குறையை முதல் இரண்டு மூன்று வாயிலேயே சொல்லிவிடுங்கள். முக்கால் தட்டைக் காலி செய்தபின் சொல்வது சமையல்காரருக்கு நியாயமல்ல.

கேள்வி: கார்பனாரா பாஸ்தாவில் க்ரீமே இல்லை. முட்டை வேறு கட்டி கட்டியாக இருந்தது. எது தப்பு?

பதில்: க்ரீம் இல்லாதது சரி, கட்டி தட்டியது தப்பு. ரோமில் செய்யும் முறையில் முட்டை, பெகோரினோ ரோமானோ சீஸ், மிளகு, பன்றிக் கன்னப்பகுதியை உப்பிட்டுப் பதப்படுத்திய குவான்சாலே, இவ்வளவுதான். முட்டையின் மஞ்சள் கரு 65 டிகிரி செல்சியஸ் வாக்கில் கெட்டிப்படத் தொடங்கி, 70-ஐ நெருங்கும்போது இறுகிவிடும். அதனால் அடுப்பிலிருந்து வாணலியை இறக்கிய பிறகுதான் முட்டைக் கலவையை ஊற்ற வேண்டும். தீயில் வைத்தே ஊற்றினால் திரிந்துபோகும். சீஸும் மிளகும் மட்டும் சேரும் காச்சோ எ பேப்பே பாஸ்தாவில் சீஸ் நூல் நூலாக உருண்டு நிற்பதற்கும் அதிகச் சூடுதான் பெரும்பாலும் காரணம். கார்பனாராவில் முட்டை முழுதாக வெந்திருக்காது என்பதால் கர்ப்பிணிகள் தவிர்ப்பது நல்லது.

கேள்வி: நான் சைவம், முட்டையும் சேர்ப்பதில்லை. பார்த்தால் சைவமாகத் தெரிந்தும் சைவமில்லாதவை எவை?

பதில்: முதலில் சீஸ். பார்மிஜானோ ரெஜ்ஜானோ, கிரானா பதானோ இரண்டிலும் பாலை உறைய வைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டைச் சேர்க்க வேண்டும் என்பது அந்தப் பெயர்களுக்கான விதி. பெகோரினோ ரோமானோவில் ஆட்டுக்குட்டியின் ரென்னெட். பேசில் இலையை அரைத்துச் செய்யும் பெஸ்டோ சாஸில் இவற்றில் ஏதாவது ஒன்று அரைபட்டிருக்கும், தக்காளி பாஸ்தாவின் மேலும் கேட்காமலே துருவிவிடுவார்கள். இதைத் தவிர்ப்பவர்கள் ஆர்டரிலேயே ‘மேலே சீஸ் வேண்டாம்’ என்று எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். மொசரெல்லாவில் சைவ ரென்னெட்டில் செய்ததும் கிடைக்கிறது, எது என்று கேட்கலாம்.

அடுத்து ஸ்டாக், அதாவது எலும்பையோ காய்கறியையோ வேகவைத்து வடித்த சாறு. காளான் ரிசோட்டோவைக் கோழி ஸ்டாக்கில் செய்வது சகஜம். மினெஸ்ட்ரோனே என்ற காய்கறி சூப்பில் சில இடங்களில் பன்றிக் கொழுப்பைத் தாளித்திருப்பார்கள். புட்டனெஸ்கா சாஸில் நெத்திலி கரைந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. பன்னா கோட்டா என்ற க்ரீம் இனிப்பை உறைந்து நிற்க வைப்பது விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின். டிராமிசுவில் பச்சை முட்டை உண்டு, பல இடங்களில் மதுவும் சேரும். ஃப்ரெஷ் பாஸ்தாவில் முட்டை வழக்கம், ஞோக்கி என்ற உருளைக்கிழங்கு உருண்டையிலும் பலர் சேர்ப்பார்கள்.

‘இது சைவமா?’ என்று கேட்டால் ‘ஆமாம்’ என்ற பதில் சுலபமாக வந்துவிடும். ‘ஸ்டாக் எதில் போட்டது? பாஸ்தா மாவில் முட்டை உண்டா?’ என்று பொருளைச் சொல்லிக் கேளுங்கள். உள்ளே போய் விசாரித்து வந்து சொல்பவரை நம்பலாம். உலர் ஸ்பகெட்டியில் அலியோ எ ஒலியோ (பூண்டும் எண்ணெயும்), அராபியாத்தா (காரத் தக்காளி சாஸ்), சீஸே இல்லாத மரினாரா பீட்சா ஆகியவை உங்களுக்கு ஏற்றவை. மரினாரா பீட்சாவில் தக்காளி, பூண்டு, ஒரிகானோ, ஆலிவ் எண்ணெய் மட்டும்தான்.

கேள்வி: ரிசோட்டோ வர அரைமணி நேரம் ஆனது. வந்ததும் நீர்க்க இருந்தது.

பதில்: இரண்டுமே நல்ல அறிகுறி. அர்போரியோ, கார்னரோலி போன்ற அரிசி ஸ்டாக்கில் வேகவே 16 முதல் 18 நிமிடம் வேண்டும், அதற்கு முன்பு வெங்காயமும் அரிசியும் வதங்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் வந்தால் பாதி வேகவைத்து எடுத்து வைத்தது. தட்டைச் சாய்த்தால் அலைபோல மெல்ல நகர வேண்டும், குவித்தது குவித்தபடி நின்றால் காத்திருந்து இறுகியது. ஆனால் அரிசி ஒருபக்கம், தண்ணீர் ஒருபக்கம் என்று பிரிந்து கிடந்தால் அது குறைதான். ஓரம் முதலில் ஆறும், அங்கிருந்து உள்நோக்கிச் சாப்பிடுங்கள்.

கேள்வி: நேப்பிள்ஸ் பாணி பீட்சாவின் நடுப்பகுதி சொதசொதவென்று இருக்கிறதே?

பதில்: 430 – 480 டிகிரி செல்சியஸ் அடுப்பில் 60 முதல் 90 விநாடிதான் வேகிறது. ஓரம் உப்பி, நடு மெல்லியதாக, ஈரமாகத்தான் வரும். கத்தி, முள்கரண்டியால் நடுவிலிருந்து தொடங்குங்கள், அல்லது துண்டை மடித்து எடுங்கள். எருமைப்பால் மொசரெல்லாவில் நீர் கூடுதல்; ஈரம் பிடிக்காதவர்கள் பசும்பால் மொசரெல்லா கேட்கலாம். ஓரத்தில் அங்கங்கே கருகல் புள்ளி இருப்பது இயல்பு, அடிப்பக்கம் முழுக்கக் கறுத்திருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். பார்சலுக்கு இந்த வகையே வேண்டாம், பெட்டிக்குள் ஆவியில் தோலாகிவிடும்.

கேள்வி: இறால் பாஸ்தாவுக்குச் சீஸ் கேட்டால் தவறா? ஸ்பகெட்டியைச் சுற்ற ஸ்பூன் வேண்டுமா?

பதில்: கேட்டால் கொடுப்பார்கள். ஆனால் முதிர்ந்த சீஸின் உப்பு இறாலின் இனிப்பை அமுக்கிவிடும், முதலில் இல்லாமல் சாப்பிட்டுப் பாருங்கள். ஸ்பூன் தேவையில்லை. மூன்று நான்கு இழை மட்டும் முள்கரண்டியில் எடுத்து, தட்டின் வளைவில் முனையை ஊன்றிச் சுற்றுங்கள். அதிகம் எடுப்பதால்தான் உருண்டை பெரிதாகி வாய்க்குள் போகாமல் நிற்கிறது.

கேள்வி: சாப்பிட்டு முடித்ததும் கப்புச்சினோ கேட்கலாமா?

பதில்: கேட்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். இத்தாலியர்கள் அதைக் காலையோடு நிறுத்திக்கொள்வதற்குக் காரணம், வயிறு நிறைந்தபின் அவ்வளவு பால் கனக்கிறது என்பதுதான். எஸ்பிரெஸோ 25 – 30 மில்லிதான், இனிப்புக்கு அப்புறம் வரும். இனிப்போடு சேர்த்தே வேண்டுமென்றால் முன்கூட்டிச் சொல்லுங்கள். இரண்டுக்கும் வயிற்றில் இடமில்லையென்றால் அஃபோகாட்டோ கேளுங்கள்: வனிலா ஜெலாட்டோ (இத்தாலிய ஐஸ்க்ரீம்), அதன்மேல் சுடச்சுட எஸ்பிரெஸோ. காபியைத் தனிக் கோப்பையில் கொண்டுவரச் சொல்லி மேசையில் நீங்களே ஊற்றிக்கொண்டால், உள்ளேயிருந்து வருவதற்குள் ஜெலாட்டோ உருகிப்போகாது.