அமெரிக்கக் கிராமங்களில் ‘பள்ளி மாவட்டம்’ என்பது என்ன?

பள்ளிகளை நடத்துவதற்கென்றே இருக்கும் தனி உள்ளாட்சி அமைப்பு அது. ஊர்க்காரர்கள் தேர்ந்தெடுக்கும் குழு, சொத்துவரி, எல்லை எல்லாம் பெரும்பாலும் அதற்குத் தனி. தலைக்கட்டு வரி பிரித்து ஊர்க் கோயிலை ஊராரே நடத்துவதைப் போல.

எதற்கு இத்தனை சிறு அமைப்புகள்? பிள்ளைகள் நடந்தே வர வேண்டுமே! அதனால் சில மைலுக்கு ஒரு பள்ளி: ஒரே அறை, குளிருக்கு ஓர் அடுப்பு, எட்டு வகுப்புக்கும் ஒரே ஆசிரியை. பல இடங்களில் அந்த ஓர் அறைதான் முழு மாவட்டமும். நல்ல சாலையும் பஸ்ஸும் வந்ததும் சிறு மாவட்டங்களை ஒன்றாக இணைப்பது தொடங்கியது. 1940 வாக்கில் சுமார் 1,17,000 மாவட்டங்கள். இன்று ஏறத்தாழ 13,000. செலவுக் கணக்கு நியாயம்தான், ஆனால் பள்ளியை இழந்த ஊர்கள் அதை லேசில் ஏற்கவில்லை.

இவற்றை வாஷிங்டனில் உள்ள மத்திய அரசு நடத்துவதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை: பணத்தில் பெரும்பங்கு உள்ளூர் வரியும் மாநில அரசின் நிதியும்தான்.