நடுவில் மெலிகிறது, ஓரத்தில் முழங்குகிறது: சப்வூஃபரை எங்கே வைப்பது?

கேள்வி: எங்கள் ஹால் 14 அடி நீளம், 11 அடி அகலம், 10 அடி உயரம். டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை. டிவிக்கு இருபுறமும் புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர்கள், மூலையில் பேஸுக்கென்றே (தாழ்ந்த ஒலிக்கென்றே) 10 அங்குல சப்வூஃபர் ஒன்று. மூன்று பேர் உட்காரும் சோஃபா பின்சுவரை ஒட்டி இருக்கிறது. ரிசீவரோடு வந்த மைக்கை வைத்து அறைக்கேற்ப ஒலியைத் திருத்தும் ஆடிசியை இரண்டு முறை ஓட்டிப் பார்த்துவிட்டேன். நடு இருக்கையில் பேஸ் மெலிகிறது, ஓர இருக்கையில் காதை அடைக்கிறது. இன்னொரு சப்வூஃபர் வாங்கினால் சரியாகுமா?

பதில்: சரியாகலாம். ஆனால் பணம் செலவழிப்பதற்கு முன் இருக்கிற சப்வூஃபரை மூலையிலிருந்து கிளப்புங்கள். உங்கள் தொந்தரவில் பாதி அந்த மூலைதான்.

நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1,145 அடி போகும். இரு சுவர்களுக்கு இடையே உள்ள தூரத்தை இரட்டித்து, 1,145ஐ அதால் வகுத்துப் பாருங்கள். நீளத்துக்கு 41 ஹெர்ட்ஸ், அகலத்துக்கு 52, உயரத்துக்கு 57 வரும். இந்த அலைவரிசைகளில் ஒலி சுவருக்குச் சுவர் மோதி, நகராத அலையாக நின்றுவிடும். சுவரோரம் வீங்கும், இரு சுவர்களுக்கும் நட்டநடுவில் காணாமல் போகும். கான்கிரீட்டும் செங்கலும் பேஸை வெளியே விடாததால் இந்த மேடுபள்ளம் நம் வீடுகளில் இன்னும் கூர்மை.

பேஸ் கிதாரின் தடித்த தந்தியை அப்படியே மீட்டினால் 41 ஹெர்ட்ஸ். உங்கள் சோஃபா பின்சுவரில் இருப்பதால் மூன்று இருக்கையிலும் அது முழங்கும். அதே தந்தியின் நான்காவது ஃப்ரெட்டில் 52 ஹெர்ட்ஸ். நடு இருக்கை அகலத்தின் நடுவில் இருப்பதால் அந்த ஸ்வரம் அங்கே வற்றிவிடும், ஓர இருக்கையில் எழும்பும். ஆடிசியோ, அதுபோன்ற டிராக்கோ, எந்தத் திருத்தமும் சப்வூஃபருக்குப் போகும் சிக்னலைத்தான் மாற்ற முடியும். 52ஐ நடுவுக்காக ஏற்றினால் ஓரத்தில் உட்கார முடியாது, ஓரத்துக்காக இறக்கினால் நடுவில் ஒன்றும் மிஞ்சாது. மூன்று இருக்கைக்கும் பொதுவான குறையை மட்டுமே அது தீர்க்கும். ஆகவே குறையை முதலில் பொதுவாக்க வேண்டும்.

சப்வூஃபரை முன்சுவரின் நடுவில், டிவிக்குக் கீழே வையுங்கள். அங்கிருந்து அது 52 ஹெர்ட்ஸ் அலையைத் தூண்டவே முடியாது. ஸ்டாண்டு இடித்தால் ஓரடி தள்ளி வைத்தாலும் பரவாயில்லை. மூலை தந்த உரப்பு குறையும், சப்வூஃபரின் கெயின் (உரப்பு) குமிழில் ஈடுகட்டலாம். 41 ஹெர்ட்ஸ் மேடு இன்னும் இருக்கும். ஆனால் அது மூன்று இருக்கைக்கும் ஒன்றுபோல இருப்பதால், திருத்தம் அதை ஒரே வெட்டில் தட்டிவிடும். ஹாலின் ஒரு பக்கம் டைனிங்குக்குத் திறந்திருந்தால் இந்தக் கணக்கு கொஞ்சம் நகரும். அப்போது நடுவிலிருந்து இருபுறமும் ஓரடி ஓரடியாக நகர்த்திக் கேட்டுப் பாருங்கள்.

சோஃபாவை முன்னே இழுக்க முடிந்தால், காது பின்சுவரிலிருந்து ஐந்தடியில் வரட்டும், 41 பாதிக்கும் கீழே இறங்கும். இரண்டடி இழுப்பதால் 41க்குப் பெரிய பயன் இல்லை, குரலின் தெளிவுதான் கூடும். மூன்றரை அடியில் மட்டும் நிறுத்தாதீர்கள். அங்கே 82 ஹெர்ட்ஸில் பள்ளம், அதாவது சப்வூஃபரும் ஸ்பீக்கரும் கைமாறுகிற இடத்திலேயே.

இனி சப்வூஃபரின் பின்பக்கம். எந்த ஹெர்ட்ஸுக்கு மேல் வடிகட்டுவது என்று தீர்மானிக்கும் க்ராஸ்ஓவர் குமிழை உச்ச ஹெர்ட்ஸ் வரை திருப்புங்கள், அல்லது அந்த வடிகட்டலைத் தவிர்க்கும் எல்எஃப்இ உள்ளீட்டில் செருகுங்கள். ரிசீவரும் வடிகட்டி சப்வூஃபரும் வடிகட்டினால் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழேயே பேஸ் சரியும். ‘ஃபேஸ்’ என்ற குமிழ் 0வில் இருக்கட்டும். பவர் ‘ஆட்டோ’வில் இருந்தால் ‘ஆன்’ ஆக்குங்கள், இல்லையென்றால் அளக்கும்போது தூங்கிவிடும்.

மைக் வைப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சோஃபாவின் சாய்மானத்தின் மேல் வைக்கக் கூடாது, கையிலும் பிடிக்கக் கூடாது. கேமரா ஸ்டாண்டில் காது உயரத்தில், சாய்மானத்திலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்துங்கள். மின்விசிறி, ஏசி இரண்டையும் அணையுங்கள். தலைக்கு மேலே விசிறி சுற்றினால் மைக் அதையும் சேர்த்துத்தான் அளக்கும். முதல் அளவு நடு இருக்கையில் தலை இருக்கும் அதே இடத்தில், ஏனென்றால் தூரத்தையும் உரப்பையும் ரிசீவர் அதை வைத்தே முடிவு செய்கிறது. மற்ற அளவுகள் அதைச் சுற்றி இரண்டடிக்குள். சுவரை ஒட்டி ஒன்றுகூட வேண்டாம்.

முடிந்ததும் மூன்று எண்களைப் பாருங்கள். சப்வூஃபர் அளவு -12 டெசிபெல் என்றால் அது ரிசீவரின் எல்லை. கெயின் குமிழ் அதிகம், குறைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். -3க்கும் -8க்கும் இடையில் வந்தால் நல்லது. சப்வூஃபர் தூரம் டேப்பில் 9 அடி, திரையில் 14 அடி என்றால் பதறாதீர்கள். சப்வூஃபருக்குள் இருக்கும் மின்சுற்றின் தாமதத்தையும் ரிசீவர் அடியாக மாற்றிச் சொல்கிறது, டேப் அளவைப் போட்டால்தான் கெடும். ஸ்பீக்கர்கள் ‘லார்ஜ்’ என்று வந்திருந்தால் ‘ஸ்மால்’ ஆக்கி க்ராஸ்ஓவர் 80 ஹெர்ட்ஸ் கொடுங்கள், அதற்குக் கீழே உள்ளது சப்வூஃபருக்குப் போகும்.

பிறகு 80 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு நடுவில் உட்காருங்கள். இன்னொருவர் ரிசீவரில் சப்வூஃபர் தூர எண்ணை ஓரடி ஓரடியாக மாற்றட்டும், எங்கே மிக உரக்கக் கேட்கிறதோ அதை வையுங்கள். ஓரடி என்பது 0.9 மில்லிநொடி. இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் யூமிக்-1 என்ற அளவீட்டு மைக்கும் ரூம் ஈக்யூ விஸார்டு என்ற இலவச மென்பொருளும் போதும், மைக்கின் சீரியல் எண்ணுக்குரிய திருத்தக் கோப்பை ஏற்ற மறக்காதீர்கள். போன் ஆப் 40 ஹெர்ட்ஸில் காட்டும் எண்ணுக்கு மதிப்பில்லை.

வரைபடத்தில் பள்ளம் தெரிந்தால் கையால் தூக்க ஆசை வரும். 10 டெசிபெல் ஏற்ற ஆம்ப்ளிஃபயருக்குப் பத்து மடங்கு வாட் வேண்டும், அப்போதும் பள்ளம் நிரம்பாது. மேட்டை வெட்டுங்கள், பள்ளத்துக்குச் சப்வூஃபரையோ சோஃபாவையோ நகர்த்துங்கள்.

முழக்கம் அடங்கியதும் “பேஸே போய்விட்டது” என்று தோன்றும். ஒரு வாரம் பழகுங்கள், பிறகு சப்வூஃபர் அளவை 3 டெசிபெல் ஏற்றிக்கொள்ளலாம். உரத்த ஒலியையும் மெல்லிய ஒலியையும் சமப்படுத்தும் டைனமிக் வால்யூமை அணைத்துவிடுங்கள், இசைக்கு அது ஆகாது. கடைசியாக 20 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் ஒரு டோனை (ஸ்வீப்) ஓட்டிக் கேளுங்கள். ஷோகேஸ் கண்ணாடியும் பரணில் இருக்கும் எவர்சில்வர் பாத்திரங்களும் எங்கே கிணுகிணுக்கின்றன என்று தெரிந்துவிடும். அதைச் சப்வூஃபரின் கோளாறு என்று கடைக்குத் தூக்கிப் போகிறவர்கள் உண்டு.

இதற்குப் பிறகும் 41 உறுத்தினால் இரண்டாவதை வாங்குங்கள். அதே மாடலாக, சோஃபாவுக்குப் பின்னால் பின்சுவரின் நடுவில், ரிசீவரின் ஒரே வெளியீட்டிலிருந்து இரண்டாகப் பிரியும் ஒய் கேபிளில். இரண்டின் கெயின் குமிழும் ஒரே அளவில் இருக்கட்டும். எதிரெதிர் சுவர்களிலிருந்து ஒருசேர ஒலிக்கும்போது 41 தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். சோஃபா சுவரைவிட்டு நகராது என்றால் இடவலச் சுவர்களின் நடுவில் எதிரெதிராக வைத்தாலும் அதே பலன், ஆனால் பல ஹால்களில் அங்கே ஒரு கதவு இருக்கும். இரண்டையும் வைத்தபின் முழு அளவையும் முதலிலிருந்து எடுக்க வேண்டும்.