கேளுங்கள், சொல்கிறேன்: ஐம்பது வருஷமாக ஓயாத அந்த மெட்டு

கேள்வி: என் மகனுக்குப் பதினேழு வயது, பாலிடெக்னிக்கில் படிக்கிறான். கித்தார் வாங்கியதிலிருந்து வீட்டில் டீப் பர்ப்பிள் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ பாட்டைத் தவிர வேறு சத்தமே இல்லை. 1972இல் வந்த ஆல்பமாம். தாத்தா வயசுக்காரர்கள் வாசித்ததில் இந்தக் காலத்துப் பிள்ளைக்கு அப்படி என்ன இருக்கிறது? கீழ்வீட்டுக்காரர் வேறு புகார் சொல்கிறார். (ஒரு தாய், யீஷூன்)

பதில்: புகாரிலிருந்தே ஆரம்பிக்கலாம் அம்மா, இந்த மெட்டுக்கு முதல் புகார் உங்கள் புளோக்கில் எழவில்லை. 1971 டிசம்பரில் டீப் பர்ப்பிள் குழுவினர், இந்தப் பாட்டு இருக்கும் ‘மெஷின் ஹெட்’ ஆல்பத்தைப் பதிவு செய்ய சுவிட்சர்லாந்தின் மோன்த்ரோவுக்குப் போனார்கள், ஏரிக்கரைச் சூதாட்டக்கூடத்தில் பதிவு என்று ஏற்பாடு. அதற்குமுன் அங்கே நடந்த அமெரிக்க ராக் இசைக்காரர் ஃப்ராங்க் சப்பாவின் கச்சேரியில் கூட்டத்திலிருந்து யாரோ ஃப்ளேர் துப்பாக்கியை (தீப்பிழம்பு விடும் சமிக்ஞைத் துப்பாக்கி) கூரையைப் பார்த்துச் சுட, கட்டடமே எரிந்துபோனது. ஏரி மேல் பரவிய அந்தப் புகைதான் பாட்டு. அப்புறம் வேறோர் அரங்கில் இதே மெட்டைப் பதிந்துகொண்டிருந்தபோது, ஊரார் தூங்க முடியவில்லை என்று போலீஸே வந்துவிட்டது!

கடைசியில், குளிர்காலத்துக்காக மூடிக் கிடந்த கிராண்ட் ஹோட்டலின் தாழ்வாரத்தில் மெத்தைகளை அடுக்கிவைத்து வாசித்தார்கள். பதிவுக் கருவிகள் வெளியே நின்ற வண்டியில். வாசித்ததைக் கேட்க அறை, பால்கனி எல்லாம் தாண்டிப் போகவேண்டும், அது அலுத்துப்போய், தங்களுக்கே திருப்தி வரும்வரை வாசித்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார்கள். ஆல்பம் பழசாகாததற்கு என் கணக்கில் இதுதான் காரணம். ஐந்து பேர் ஒரே இடத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசித்த சூடு ஆறவில்லை.

மெட்டையும் கவனியுங்கள். நம் கர்நாடக சங்கீதக் கணக்கில் சொன்னால் சட்ஜமம், சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம். இரண்டாவது தடவை பிரதி மத்யமத்தை ஒரு கணம் தொட்டுவிட்டு சுத்த மத்யமத்துக்கு இறங்கும், காதைப் பிடித்து இழுப்பது அந்த ஓர் இடம்தான். ஒரே சாயங்காலத்தில் கற்றுக்கொள்ளலாம். பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் கித்தார் கடைகளில் வாங்க வருகிறவர்கள் முதலில் இதையே வாசித்துப் பார்ப்பது அதனால்தான். ஆனால் பையன் அதோடு நின்றுவிடக் கூடாது. ‘ஹைவே ஸ்டார்’ கித்தார் தனி வாசிப்பில் ஜெர்மன் இசைமேதை பாக்கின் சாயல் இருக்கும், விரல் ஒடியும். ஏழு நிமிஷத்துக்கு மேல் ஓடும் ‘லேஸி’யில் குழுவின் ஜான் லார்ட் வாசிக்கும் ஹாமண்ட் ஆர்கன் (மின்சார ஆர்கன்), கித்தார் ஆம்ப்ளிஃபையர் வழியே உறுமும். ஆல்பத்தில் சிறந்தது அதுதான், ‘ஸ்மோக்’ இல்லை, சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம். வேடிக்கை என்னவென்றால், ஹிட் ஆகும் என்று குழு நம்பியது ‘நெவர் பிஃபோர்’ என்ற பாட்டை. இன்று அதை முணுமுணுக்க ஆளில்லை.

கீழ்வீட்டுக்காரருக்கு: மகனிடம் ஹெட்ஃபோன் மாட்டச் சொல்லுங்கள். தீபாவளிக்கு ஒரு டப்பா முறுக்கும் கொடுத்தனுப்புங்கள்.

கேள்வி: அந்தக் காலத்தில் சிங்கப்பூரில் நீளமுடி ராக் இசைக்காரர்களை உள்ளேயே விடமாட்டார்களாமே, நிஜமா? (வாசகர், கிளமெண்டி)

பதில்: நிஜம்தான். 1972இல் லெட் செப்லின் குழுவின் கச்சேரி முடி விவகாரத்தில் நடக்காமல் போனது. நீளமுடி வைத்த ஆண்களைக் கடைசியில்தான் கவனிப்போம் என்று அரசாங்க அலுவலகங்களில் சுவரொட்டியே இருந்தது. ஆளைத் தடுக்கலாம், இசைத்தட்டை என்ன செய்வது?

கேள்வி: ‘மெஷின் ஹெட்’ மனப்பாடம். அடுத்து என்ன? (மாணவர், தெம்பனிஸ்)

பதில்: ‘மேட் இன் ஜப்பான்’. 1972 ஆகஸ்டில் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் மேடையில் பதிந்தது. ஏழு பாட்டில் நாலு உங்களுக்குத் தெரிந்தவைதான், ஆனால் தெரிந்த மாதிரி இருக்காது. ‘ஸ்பேஸ் டிரக்கின்’ பாட்டு ‘மெஷின் ஹெட்’டில் ஐந்து நிமிஷம்கூட இல்லை, மேடையில் கிட்டத்தட்ட இருபது நிமிஷம், இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க அதுவே. பாதி வழியில் பாட்டு எங்கே போனது என்று தேடாதீர்கள், இயன் பெய்ஸின் டிரம்ஸைப் பிடித்துக்கொண்டு போங்கள்.