‘டீ’ என்றால் இரவுச் சாப்பாடு

மதிப்பிற்குரிய ஐயா,

நியூ சவுத் வேல்ஸின் உட்பகுதியில் உள்ள சிற்றூர் ஒன்றில், முதியோர் இல்லச் செவிலியராகச் சேர்ந்து மூன்று மாதங்கள் ஆகின்றன. ஆங்கிலத் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றுத்தான் வந்தேன். சென்ற வாரம் எண்பது வயதைக் கடந்த ஒருவர் என்னிடம், “ஐ ஆம் எ பிட் குரூக் திஸ் அர்வோ, லவ்” என்றார். ‘அர்வோ’ என்றால் என்னவென்று அருகில் இருந்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ‘குரூக்’ எனக்கு ஏற்கெனவே தெரிந்த சொல் என்பதால் கேட்கத் தோன்றவில்லை. இவர் ஏன் தம்மை ஏமாற்றுக்காரர் என்று சொல்லிக்கொள்கிறார் என்று குழம்பி நின்றேன். இவர்கள் ஏன் சொற்களை இப்படி ஒடிக்கிறார்கள்? ‘லவ்’, ‘மேட்’ என்றெல்லாம் கூப்பிடுவது மரியாதைக் குறைவு இல்லையா? நானும் இப்படிப் பேசப் பழக வேண்டுமா? இன்னொன்று: எங்கள் மேற்பார்வையாளர் தம்மைப் பற்றி ‘பல்லி தண்ணீர் குடிப்பதைப் போல’ என்று ஏதோ சொன்னார். அதன் பொருளையும் விளக்க வேண்டுகிறேன்.

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தப் பெரியவர் சொன்னது, ‘இன்று பிற்பகல் எனக்கு உடம்பு அவ்வளவாகச் சரியில்லை அம்மா’ என்பதுதான். ஆஸ்திரேலியாவில் ‘குரூக்’ என்ற சொல்லை நோயுற்ற மனிதருக்கும் சொல்வார்கள், கெட்டுப்போன உணவுக்கும் சொல்வார்கள், மக்கர் செய்யும் வண்டிக்கும் சொல்வார்கள். ஒருவர் மற்றொருவரைக் கடிந்துகொண்டால் ‘கோ குரூக்’ என்பார்கள்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. தெரியாத சொல்லின் பொருளைக் கேட்டீர்கள். தெரிந்த சொல் என்பதால் மற்றதைக் கேட்கவில்லை. இந்த நாட்டுப் பேச்சுவழக்கில் புதிதாக வருகிறவர் அஞ்ச வேண்டியது விநோதமான சொற்களுக்கு அல்ல, நன்றாகத் தெரிந்ததாகத் தோன்றும் சொற்களுக்குத்தான். மெல்பர்னுக்கு நான் வந்த முதல் ஆண்டில் பக்கத்து வீட்டில் ஒரு முதியவர் தனியாக இருந்தார். ஒரு நாள் காலை வேலிக்கு மேலாக நலம் விசாரித்தேன். “பிட் ஆர்டினரி, மேட்” என்றார். வழக்கம்போல இருக்கிறார் என்று எடுத்துக்கொண்டு, நல்லது என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். மாலையில் நான் திரும்பியபோது அவரை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். உடல்நிலையைப் பற்றிப் பேசும்போது ‘ஆர்டினரி’ என்றால் இங்கே ‘நன்றாக இல்லை’ என்று பொருள் என்பதை அன்றுதான் அறிந்தேன். அவர் பிழைத்து வந்தார் என்றாலும், அந்தக் காலைப்பொழுது இன்றும் என் மனத்தை விட்டு அகலவில்லை. ‘நாட் பேட்’ என்றால் நன்றாக இருக்கிறார் என்று பொருள். ‘ஆர்டினரி’ என்றாலோ ‘ஆவரேஜ்’ என்றாலோ கவனிக்க வேண்டும் என்று பொருள். நாட்டுப்புறத்தில் வளர்ந்த முதியவர்கள் பலர் வலியைக் குறைத்தே சொல்லிப் பழகியவர்கள் என்பதால், அவர்கள் ‘பிட்’ என்று சொல்வதை ‘கொஞ்சம்’ என்று அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கே, எப்போதிலிருந்து, எவ்வளவு என்று மூன்று கேள்விகளையாவது கேளுங்கள். குறிப்பேட்டிலும் அவர் சொன்ன சொல்லை அப்படியே எழுதி, நீங்கள் கேட்டறிந்ததையும் அதன் பக்கத்திலேயே எழுதுங்கள்.

அதே அளவு கவனம் ‘டீ’ என்ற சொல்லுக்கும் தேவை. உங்கள் இல்லத்தில் இருக்கும் முதியவர்களில் பலருக்கு ‘டீ’ என்பது மாலை ஐந்தரைக்கோ ஆறுக்கோ உண்ணும் இரவுச் சாப்பாடு. ஒருவர் மாத்திரையை ‘ஆஃப்டர் டீ’ எடுத்துக்கொள்வதாகச் சொன்னால், மூன்று மணித் தேநீரை நினைத்து நீங்கள் மாத்திரையை நீட்டிவிடக் கூடாது. விருந்துக்கு அழைக்கிறவர் ‘பிரிங் எ பிளேட்’ என்றால், எல்லோருடனும் பகிர்ந்துகொள்ள ஒரு தட்டு நிறைய உணவு கொண்டுவரச் சொல்கிறார். கடையில் பணியாளர் ‘யூ ரைட்?’ என்று கேட்டால், உதவி வேண்டுமா என்று பொருள். அதைச் சண்டைக்கு இழுக்கும் கேள்வியாக எடுத்துக்கொண்டு மனம் புண்பட்டவர்கள் நம்மில் பலர் உண்டு. ‘மை ஷவுட்’ என்பவர் இந்த முறை எல்லோருக்கும் தாம் பணம் தருவதாகச் சொல்கிறார். அடுத்த முறை தருவது உங்கள் கடமை. ‘தாங்ஸ்’ என்றால் காலில் போடும் ரப்பர் செருப்பு.

சொற்களை ஒடிப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். சர்வீஸ் ஸ்டேஷன் ‘செர்வோ’ ஆகிறது, வேலையிடத்து இடைவேளை ‘ஸ்மோக்கோ’ ஆகிறது, பிரேக்ஃபாஸ்ட் ‘பிரெக்கி’ ஆகிறது, கொசு ‘மோஸி’ ஆகிறது, தபால்காரர் ‘போஸ்டி’ ஆகிறார். பிரதமர் ஆன்டனி அல்பனீஸியையே ‘அல்போ’ என்றுதான் ஊர் அழைக்கிறது. இதைச் சோம்பல் என்று சொல்வோர் உண்டு. நான் அதை ஏற்பதில்லை, ஏனென்றால் ‘ஸ்மோக்’ என்பதற்கு ‘ஸ்மோக்கோ’ ஒன்றும் குறுக்கம் அல்ல; உச்சரிக்க அதிக நேரம்தான் ஆகிறது. ஒரு பொருளின் பெயரில் இருக்கும் விறைப்பைத் தளர்த்தி, ‘இது நம் இருவருக்கும் பழக்கமானதுதான்’ என்று எதிரில் இருப்பவருக்கு உணர்த்துவதே இந்த ஒடிப்பின் வேலை. உலகம் முழுவதும் பரவி, தமிழிலும் நாள்தோறும் புழங்கும் ‘செல்ஃபி’ கூட இதே அச்சில் வார்க்கப்பட்டதுதான். அச்சொல்லின் மிகப் பழைய பதிவு 2002-இல் ஆஸ்திரேலியர் ஒருவர் இணையத்தில் எழுதியது. 2013-இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியினர் அதை ஆண்டின் சொல்லாக அறிவித்தார்கள்.

இந்த வழக்கின் வேர்கள் பழையவை. 1788 முதல் பிரிட்டன் இங்கே நாடுகடத்திய கைதிகள் தங்கள் குழூஉக்குறியையும் கூடவே கொண்டுவந்தார்கள். அவர்களில் ஒருவரான ஜேம்ஸ் ஹார்டி வாக்ஸ் 1812-இல் நியூகாசிலில் இருந்தபோது அந்தச் சொற்களைத் தொகுத்தார். ஆஸ்திரேலியாவில் உருவான முதல் அகராதி என்று அதையே சொல்வார்கள். திருடர் வழக்கில் களவுப் பொருளைக் குறித்த ‘ஸ்வாக்’ பின்னர் நாடோடித் தொழிலாளியின் படுக்கைச் சுருட்டுக்குப் பெயரானது. மண்ணின் மக்களின் மொழிகளும் இதில் கலந்திருக்கின்றன. கடும் உழைப்பை உங்கள் முதியவர்கள் ‘ஹார்ட் யாக்கா’ என்பார்கள்; ‘யாக்கா’ பிரிஸ்பேன் வட்டாரத்து யாகரா மொழியிலிருந்து வந்த சொல்.

‘லவ்’ என்பதில் மரியாதைக் குறைவு இல்லை. சந்தையில் காய் விற்கும் பாட்டி நம்மைக் ‘கண்ணு’ என்று அழைப்பதைப் போன்றது அது. ‘மேட்’ சற்றுச் சிக்கலானது. 2005-இல் கான்பெராவில் நாடாளுமன்றப் பாதுகாவலர்கள் வருவோரை ‘மேட்’ என்று அழைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். எதிர்ப்பு கிளம்பி ஒரே நாளில் அந்த உத்தரவைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. காவலாளியும் அமைச்சரும் ஒரே சொல்லால் அழைத்துக்கொள்ளலாம் என்பதை இம்மக்கள் தங்கள் உரிமையாகவே கருதுகிறார்கள். ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு ‘லிசன், மேட்’ என்று ஒருவர் தொடங்கினால் அது எச்சரிக்கை. குரலைக் கேட்டுத்தான் பொருள் கொள்ள வேண்டும்.

நீங்களும் அப்படிப் பேச வேண்டுமா என்றால், அவசரம் வேண்டாம் என்பேன். புரிந்துகொள்வது உங்கள் பணிக்கு இன்றியமையாதது, பேசுவது அப்படியல்ல. ‘அர்வோ’வும் ‘நோ வொரீஸ்’உம் ஆறு மாதத்தில் உங்களை அறியாமலே நாவில் வந்துவிடும். நண்பர்கள் அன்பு மேலிட்டு ஒருவரையொருவர் வசைச்சொல்லால் அழைப்பதைக் கேட்பீர்கள். அதை மட்டும் அவர்களிடமே விட்டுவிடுங்கள். புரியாத இடத்தில் தயங்காமல் கேளுங்கள். தம் சொல்லுக்குப் பொருள் சொல்லும்படி ஒரு செவிலியர் கேட்டால், அந்தப் பெரியவர் அன்று முழுவதும் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருப்பார்.

இனி உங்கள் மேற்பார்வையாளரின் பல்லி. ‘ஃபிளாட் அவுட் லைக் எ லிசர்ட் டிரிங்கிங்’ என்பது முழுத் தொடர். ‘ஃபிளாட் அவுட்’ என்றால் முழு மூச்சுடன் என்று ஒரு பொருள், தரையோடு தரையாகப் படுத்து என்று இன்னொரு பொருள். தண்ணீர் குடிக்கும் பல்லி வயிறு தரையில் படியக் கிடக்கும், அதன் நாக்கு மட்டும் ஓயாமல் ஓடும். தமக்கு மூச்சுவிட நேரமில்லை என்றுதான் அவர் சொல்லியிருக்கிறார். முடிந்தால் அன்றைக்கு அவருடைய வேலையில் கொஞ்சத்தை நீங்கள் வாங்கிக்கொள்ளலாம்.