விளம்பரத்தில் வரும் வி.பி.என். பல்கலைக்கழகக் கோப்பைத் திறக்குமா?

கேள்வி: மதுரையில் ஒரு பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. செய்கிறேன், வீடு உசிலம்பட்டியில். எங்கள் ஆய்வுத் தரவு முழுவதும் துறை சர்வரில் ஒரு ஃபோல்டரில் இருக்கிறது. வளாகத்து வைஃபையில் திறக்கிறது, வீட்டிலிருந்து திறக்கவில்லை. "வி.பி.என். போட்டுக்கோ, வரும்" என்றார் சீனியர் அக்கா. யூடியூப் விளம்பரத்தில் பார்த்த வி.பி.என். ஒன்று இரண்டு வருடத்துக்கு 4,200 ரூபாய் என்கிறது. வாங்கலாமா?
– ஆய்வு மாணவி, உசிலம்பட்டி

பதில்: வாங்காதீர்கள். அக்கா சொன்னது சரிதான். ஆனால் அவர் மனதில் இருந்த வி.பி.என். வேறு, விளம்பரத்துக்காரர் விற்பது வேறு.

உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டில் நிற்கிறீர்கள். பஸ் வந்தால் மட்டும் போதுமா? ஆரப்பாளையம் போகிறதா, தேனி போகிறதா என்று போர்டைப் பார்த்துத்தானே ஏறுவீர்கள்? வி.பி.என்.னும் அப்படித்தான். உங்கள் லேப்டாப்பிலிருந்து வேறு ஓர் இடம் வரைக்கும் பூட்டிய பாதை ஒன்றைப் போட்டுத் தருகிறது, அவ்வளவுதான். அந்தப் பாதை எங்கே போய் முடிகிறது என்பதில்தான் விஷயம். விலைக்கு வாங்குவது சிங்கப்பூரிலோ ஆம்ஸ்டர்டாமிலோ உள்ள அந்தக் கம்பெனியின் சர்வரில் முடியும். துறை சர்வரோ வளாகத்துக்குள் இருந்து வருகிறவர்களுக்கு மட்டும்தான் கதவைத் திறக்கும். 4,200 ரூபாய் கட்டிய பிறகும் அதற்கு நீங்கள் வெளியாள்தான், இப்போது இன்னும் கொஞ்சம் தூரத்து வெளியாள்.

உங்களுக்கு வேண்டியது பல்கலைக்கழகமே நடத்தும் வி.பி.என். அதில் நுழைந்தால் வளாகத்து ஐ.பி. முகவரி ஒன்று (நெட்வொர்க்கில் உங்கள் லேப்டாப்பை அடையாளம் காட்டும் எண்) உங்களுக்குக் கிடைக்கும், பெரும்பாலும் 10 என்று தொடங்கும். துறை அறையில் உட்கார்ந்து கேட்கிறீர்கள் என்று சர்வர் நினைத்துக்கொள்ளும். இது கடையில் கிடைக்காது. கம்ப்யூட்டர் சென்டரில் கேட்க வேண்டும். வழிகாட்டியின் கையெழுத்தோடு ஒரு விண்ணப்பம், அடையாள அட்டை நகல், பொதுவாக இவ்வளவுதான். ஃபோர்டிகிளையன்ட், சிஸ்கோ செக்யூர் கிளையன்ட், ஓப்பன்வி.பி.என். என்று அவர்கள் எந்த வி.பி.என். மென்பொருளைச் சொல்கிறார்களோ அதை மட்டும் போடுங்கள்.

கேட்கும்போது மூன்று விவரங்களை எழுதி வாங்கி வாருங்கள்: வி.பி.என். முகவரி, உங்கள் பயனர் பெயர், ஃபோல்டரின் முழுப் பாதை. மூன்றாவதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். வி.பி.என். இணைந்தாலும் ஃபோல்டர் தானாக வந்து நிற்காது. விண்டோஸில் கோப்பு எக்ஸ்புளோரரின் மேல்பட்டையில் இரண்டு பின்சாய்வுக் கோடு (\\), சர்வர் பெயர், மறுபடி ஒரு கோடு, ஃபோல்டர் பெயர் என்று நாமே அடிக்க வேண்டும். பாதை தெரியாமல் வீட்டுக்கு வந்தால் இதற்காகவே இன்னொரு நாள் பஸ் ஏற வேண்டும்.

ஒருவேளை ஆய்விதழ்களுக்காகவும் கேட்கிறீர்கள் என்றால், அதற்கு வி.பி.என். தேவைப்படாமலே போகலாம். காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் என்ற பல்கலைக்கழக நூலகங்களுக்கான மையம், வெளியிலிருந்தும் ஆய்விதழ்களைத் திறக்க இன்ஃபெட் என்ற ஏற்பாட்டை நடத்துகிறது. அதில் உங்கள் பல்கலைக்கழகம் சேர்ந்திருந்தால், நூலகர் தரும் கணக்கை வைத்து வீட்டிலிருந்தே படிக்கலாம். முதலில் நூலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அப்புறம், அவசரப்பட்டு ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால்: பல கம்பெனிகள் 30 நாளுக்குள் பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லித்தான் விற்கின்றன. இன்றே எழுதிக் கேளுங்கள். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வசதியை மறக்காமல் நிறுத்துங்கள். முதல் தவணைதான் சலுகை விலை, அடுத்தது பெரும்பாலும் முழு விலை. எனக்கே ஒரு தடவை இப்படிப் போயிருக்கிறது. வாங்கியதையே மறந்திருந்தேன், கார்டு மறக்கவில்லை. ரத்து செய்ய விடாமல் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இந்த மாதிரிச் சந்தாப் பொறியை 2023 நவம்பரில் வந்த மத்திய அரசு வழிகாட்டுதலே தவறான வணிக முறை என்கிறது.

கேள்வி: எங்கள் கல்லூரி வி.பி.என். வீட்டில் இணைகிறது, 'கனெக்டெட்' என்று காட்டுகிறது. ஆனால் ஃபோல்டர் சில நாள் வருவதே இல்லை. வந்தாலும் எக்செல் கோப்பு திறக்க ஒரு யுகம் ஆகிறது. வேகமான பிராட்பேண்டுக்கு மாறலாமா?
– ஆசிரியர், மேலூர்

பதில்: மாறும் முன் மூன்று பாருங்கள். லேப்டாப்பில் வேறு ஏதாவது வி.பி.என். ஓடினால் நிறுத்துங்கள், இரண்டும் மோதிக்கொள்ளும். அடுத்து, சர்வரின் சுருக்கப் பெயருக்குப் பதில் முழுப் பெயரையோ ஐ.பி. எண்ணையோ அடித்துப் பாருங்கள். அதற்கும் வரவில்லை என்றால் வீட்டு ரவுட்டர் தரும் ஐ.பி. எண் வரிசையும் கல்லூரியின் வரிசையும் ஒன்றாக இருக்கலாம். 192.168.1 என்று இரண்டு பக்கமும் இருந்தால், கல்லூரி சர்வரை லேப்டாப் உங்கள் வீட்டு ஹாலில் தேடும். போன் ஹாட்ஸ்பாட்டில் போட்டதும் ஃபோல்டர் வந்துவிட்டால் காரணம் அநேகமாக அதுதான். ரவுட்டரின் வரிசையை 192.168.50 என்று மாற்றச் சொல்லுங்கள்.

மெதுவாக இருப்பதற்குப் பெரும்பாலும் பிராட்பேண்ட் காரணமில்லை. பகிர்ந்த ஃபோல்டரில் வைத்தே கோப்பைத் திறந்தால், சர்வரோடு நூறு தடவை போய்வந்து பேசும். ஒவ்வொரு தடவையும் ஒரு சின்னத் தாமதம். கோப்பை டெஸ்க்டாப்புக்கு நகலெடுத்து, வேலை முடித்து, திரும்ப ஏற்றுங்கள். அதற்குள் சக ஆசிரியர் யாராவது அதே கோப்பில் கை வைத்துவிடாமல் இருக்க, வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டுவிடுங்கள்.