கேஸ் ஜீப்பும் காற்று வழியும்: கேள்வி பதில்

ரங்கூனில் பஸ்ஸும் டாக்சியும் வரிசையாகக் கேஸுக்கு (சிஎன்ஜி, அதாவது அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயு) மாறிய காலத்திலிருந்து பட்டறையில் இந்த வேலைதான் பார்க்கிறேன். இந்தத் தடவை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் டொயோட்டா சர்ஃப், மிட்சுபிஷி பஜேரோ ஜீப்புகளைப் பற்றித்தான். எல்லோரும் கேஸைத்தான் குறை சொல்கிறீர்கள். என் கைக்கு வரும் வண்டிகளில் பழுது பெரும்பாலும் காற்று வரும் வழியில்தான் இருக்கிறது.

கேள்வி (பெகு): அண்ணே, என்னுடையது சர்ஃப், 3.0 வி6, மிக்சர் போட்ட சிஎன்ஜி. ஏர் ஃபில்டர் புதுசு மாற்றினேன். மறுநாளே ஆக்சிலேட்டரை மிதித்தால் 'டப்'பென்று உள்ளே வெடிக்கிறது. பழைய ஃபில்டரைப் போட்டால் வெடிப்பதில்லை. புது ஃபில்டர் மட்டமானதா?

பதில்: ஃபில்டர் மேல் தப்பில்லை, தம்பி. மிக்சர் என்பது எஞ்சினுக்குப் போகும் காற்றில் கேஸைக் கலக்கும் பாகம். மிக்சர் வண்டியில் கேஸை உள்ளே இழுப்பது காற்றின் உறிஞ்சல். ஃபில்டரில் தூசி அடைத்தால் மிக்சருக்கு முன்னாலேயே காற்று திணறும், உறிஞ்சல் கூடும், சிலிண்டர் அழுத்தத்தைக் குறைத்து அனுப்பும் ரெடியூசர் கூடுதல் கேஸை விடும். யாரோ ஒரு மெக்கானிக் அந்த அடைத்த ஃபில்டரோடு வண்டியைப் பார்த்து, கேஸ் அதிகம் என்று, கேஸ் அளவை மாற்றும் மிக்சர் திருகை இறுக்கியிருப்பார். இப்போது புது ஃபில்டரில் காற்று தாராளமாக வருகிறது, கேஸ் போதவில்லை. இந்தக் கேஸில் பெரும்பகுதி மீத்தேன். மீத்தேனுக்கு எடைக் கணக்கில் ஒரு பங்குக்குச் சுமார் 17 பங்கு காற்று வேண்டும். அதற்கு மேல் காற்று போனால் கலவை மெதுவாக எரியும். அடுத்த முறை இன்டேக் வால்வு திறக்கும்போதும் உள்ளே நெருப்பு மிச்சமிருக்கும். மிக்சரிலிருந்து வால்வு வரை குழாய் முழுக்கக் கேஸ் கலந்த காற்று நிற்பதால் அத்தனையும் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும்.

சர்ஃபில் இது லேசான விஷயம் இல்லை. ஃபில்டருக்கு அடுத்து இருக்கும் ஏர் ஃப்ளோ மீட்டருக்குள் கதவு மாதிரி ஒரு தகடு உண்டு. ஒரு பலத்த வெடிப்பு போதும், அது வளைந்துவிடும். பிறகு பெட்ரோலிலும் வண்டி சரியாக ஓடாது. என் சொந்த வண்டியிலேயே இப்படி ஆனது. பிளக் கேபிளை மாற்றாமல் தள்ளிப்போட்டேன். ஹ்லேகு தாண்டி ஃபில்டர் பெட்டியே பிளந்தது. கேஸ் கலவையைப் பற்றவைக்கப் பெட்ரோலைவிட அதிக வோல்டேஜ் வேண்டும். அதனால் முதலில் கேபிள், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, பிளக் மூன்றையும் பாருங்கள். பிளக் இடைவெளி 0.7 மில்லிமீட்டர் அளவில் இருக்கட்டும். அதற்குப் பிறகு, புது ஃபில்டர் உள்ளே இருக்கும்போது, மீட்டர் வைத்துக் கேஸை அளந்து செட் செய்யச் சொல்லுங்கள். அதுவரை பெட்ரோலில் ஓட்டுங்கள்.

கேள்வி (தாட்டோன்): ஐடில் (மிதிக்காமல் விட்டால் ஓடும் எஞ்சின் வேகம்) ஏறி ஏறி இறங்குகிறது. மிக்சர் திருகைக் கொஞ்சம் திறந்துவிடலாமா?

பதில்: திருகைத் தொடாதீர்கள். மிக்சருக்கும் த்ராட்டிலுக்கும் (ஆக்சிலேட்டரை மிதித்தால் திறக்கும் காற்றுக் கதவு) நடுவே இருக்கும் ரப்பர் ஓஸை மடக்கிப் பாருங்கள். மடிப்பின் அடியில், கண்ணுக்குப் படாத பக்கத்தில்தான் விரிசல் விட்டிருக்கும். கிளிப்புகள், பிரேக் பூஸ்டர் வேக்குவம் குழாய், மேனிஃபோல்டு கேஸ்கெட் எல்லாவற்றையும் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது ஒவ்வொரு இணைப்பிலும் தண்ணீரைப் புகைபோல லேசாகத் தெளித்து வாருங்கள். வயர், டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் வேண்டாம். எந்த இடத்தில் எஞ்சின் சத்தம் மாறுகிறதோ அங்கேதான் திருட்டுக் காற்று நுழைகிறது. பெட்ரோலையோ கார்பரேட்டர் கிளீனரையோ அடித்துப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. சூடான எஞ்சின் மேல் அதைச் செய்யவே கூடாது.

கேள்வி (தலா): டீசல் லேண்ட் க்ரூஸரைக் கேஸுக்கு மாற்றினால் காற்று வழி எப்படி?

பதில்: டீசல் என் வேலை இல்லை. டீசல் எஞ்சின் பார்ப்பவரிடம் கேளுங்கள்.

கேள்வி (திங்கன்ஜுன்): அண்ணா, பஜேரோவில் பிள்ளைகளோடு போகும்போது பின் சீட்டில் கேஸ் வாடை வருகிறது. ஃபில்டர் பக்கமிருந்து வருமா?

பதில்: இல்லை தங்கச்சி. இதை இன்றைக்கே பாருங்கள். எஞ்சினை நிறுத்தி, கதவுகளைத் திறந்து, பிள்ளைகளை இறக்கிவிட்டு, சிலிண்டர் வால்வைக் கையால் மூடுங்கள். உள்லைட், ஸ்விட்ச் எதையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். நிரப்பிய சிலிண்டரில் சுமார் 200 பார் அழுத்தம் இருக்கிறது. பூட்டில் அந்த வால்வைச் சுற்றிய உறையும், அதிலிருந்து வெளியே போகும் காற்றுக்குழாயும் கிழியாமல் இருக்க வேண்டும். சோப்புத் தண்ணீர் தடவினால் கசிவில் குமிழி வரும். நெருப்பு காட்டிப் பார்க்கவே கூடாது. காற்றில் மீத்தேன் 5 சதவீதம் சேர்ந்தாலே பற்றும். சரிசெய்யும் வரை பெட்ரோலில்கூடப் பிள்ளைகளை அந்த வண்டியில் ஏற்றாதீர்கள்.

கேள்வி (மோல்மேன்): ஐயா, இவ்வளவு சுற்ற வேண்டாம். நான் ஃபில்டரையே கழற்றிவிட்டேன். வண்டி பறக்கிறது. மூன்று மாதமாக ஒரு வெடிப்பும் இல்லை.

பதில்: ஃபில்டரைக் கழற்றியதும் இழுவை கூடியது என்றால் பழைய ஃபில்டர் அடைத்திருந்தது என்றுதான் அர்த்தம். புதுசு போட்டிருந்தாலும் இதே இழுவை வந்திருக்கும். இப்போது தூசி நேராக மிக்சருக்கும் பிஸ்டன் ரிங்குக்கும் போகிறது. மழைக்காலத்தில் மோல்மேனில் தூசி தெரியாது. கோடை வரட்டும்.

கேள்வி (அதே மோல்மேன்): என் அப்பா காலத்து வில்லிஸ் ஜீப் ஃபில்டர் இல்லாமலே ஓடியது.

கேள்வி (மண்டலே): மோல்மேன் அண்ணன் சொல்வது சரி. நானும் கழற்றித்தான் ஓட்டுகிறேன்.

பதில்: மண்டலே மண்ணில் ஃபில்டர் இல்லாமலா? தம்பி, தயவுசெய்து இன்றைக்கே மாட்டுங்கள். ஐயா, அந்த வில்லிஸுக்கும் கம்பெனி, எண்ணெயில் தூசியைப் பிடிக்கும் ஏர் ஃபில்டர் வைத்துத்தான் அனுப்பியது. யாரோ கழற்றியிருப்பார்கள். வாய்ச்சண்டை வேண்டாம், அளந்து பார்ப்போம். நீளமான கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூபை 'யு' மாதிரி வளைத்து ஒரு பலகையில் கட்டுங்கள். பாதி உயரத்துக்குச் சாயத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனையை ஃபில்டருக்கும் மிக்சருக்கும் நடுவே ஓஸில் செருகி, மறுமுனையைத் திறந்து விடுங்கள். பக்கத்தில் ஒருவர் பலகையைப் பிடிக்க, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து மேடு ஏறுங்கள். நிறுத்தி வைத்து ரேஸ் பண்ணினால் காற்று போதாது, ஒன்றும் தெரியாது. இரண்டு பக்கத் தண்ணீருக்கும் உள்ள உயர வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய ஃபில்டர், புது ஃபில்டர், ஃபில்டர் இல்லாமல் என்று மூன்று தடவை. டியூப் உயரமாக இருக்கட்டும். எஞ்சின் தண்ணீரை உறிஞ்சிவிடக் கூடாது.

கேள்வி (இன்செய்ன்): மிக்சர் திருகை எத்தனை சுற்று திறக்கணும்?

பதில்: தாட்டோன்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி (ரங்கூன், தாமுவே): பெகு ரோட்டில் லாரியை ஓவர்டேக் பண்ண கேஸில் தெம்பே இல்லை. காற்று அடைப்பா?

பதில்: கொஞ்சம் இருக்கலாம், ஆனால் முழுக்க இல்லை. கேஸும் இடம் பிடிக்கும். சரியான கலவையில் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக மீத்தேன் நிற்கிறது, அந்த அளவுக்குக் காற்று உள்ளே வராது. பெட்ரோலில் இருக்கும் இழுவை இதில் வராது. 1970 டிசம்பரில் இங்கே எல்லோரும் வலப்பக்கம் ஓட்டத் தொடங்கினோம், ஜப்பான் வண்டிக்கோ ஸ்டீரிங்கும் வலப்பக்கமே. லாரிக்குப் பின்னால் எதிரே வருவது தெரியாது. ஓவர்டேக் பண்ணும் முன்பே பெட்ரோலுக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் பொறுங்கள்.

கேள்வி (பாத்தீன்): வெள்ளத்தில் போக ஸ்னார்க்கல் (மேலே இருந்து காற்றை எடுக்கும் குழாய்) போட்டேன். அதிலிருந்து மிஸ்சிங்.

பதில்: குழாய் இணைப்புகளில் தண்ணீர் இறங்கி ஃபில்டர் நனைந்திருக்கும். நனைந்த ஃபில்டர் அடைத்த ஃபில்டர் மாதிரிதான். காய வைத்து, இணைப்புகளை அடைத்துவிட்டுப் பாருங்கள்.

கேள்வி (ஷ்வேபியிதா): ஐடிலுக்கு மிக்சர் திருகு...

பதில்: தொடாதீர்கள்.

கேள்வி (மோல்மேன்): ஐயா, அளந்துவிட்டேன். பழைய ஃபில்டரில் 12 அங்குலம், புதுசில் 4, இல்லாமல் 3. புதுசு மாட்டியாச்சு. இழுவை அப்படியே இருக்கிறது.

பதில்: சந்தோஷம், ஐயா. உங்கள் எண்களை மண்டலே தம்பியும் பார்க்கட்டும். ரங்கூன் வரும்போது பட்டறைக்கு வாருங்கள். ஃபில்டர் இல்லாமல் மூன்று மாதம் ஓடிய வண்டி, மிக்சரின் உள்பக்கத்தைக் கழுவி, அதன் பிறகு கேஸை அளக்கணும். பழைய ஓஸ் கிளிப்பைத் தூக்கிப் போடாமல் கொண்டு வாருங்கள். அந்த அளவு இங்கே சுலபமாகக் கிடைப்பதில்லை.